தோணி கட்டப் பழகும் இளைஞர்க்கு

இறக்காமத்துக் குளக்கட்டிலே மாலை வேளையில் உலாவச் செல்வோர், மரநிழலிற் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும் தோணிகளைக் கண்டிருப்பர். கண்டும் காணாதார் போலக் கடந்து செல்வதே நம்மிற் பலருடைய வழக்கம். நாமும் பல்லாண்டுகள் அவ்வாறே கடந்து சென்றோம். கல்லூரியிலே பௌதிகவியல் கற்பிப்பது எமது தொழில். ஆண்டுக்கொரு முறை ஆக்கிமிடிசின் தத்துவத்தைக் கரும்பலகையில் எழுதி, மிதக்கும் பொருளின் நிறை அது இடம்பெயர்த்த நீரின் நிறைக்குச் சமன் என்பதற்கு அடிக்கோடும் இட்டு, அத்துடன் எமது கடமை நிறைவேறிற்று என்று எண்ணியிருந்தோம்.

எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன் ஒருநாள் வீடு தேடி வந்தான். இறக்காமத்தைச் சேர்ந்தவன், தகப்பனார் குளத்திலே வலை போட்டுப் பிழைப்பவர். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவை எதிர்பார்த்திருந்த காலம் அது. அப்பியாசக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினான். பென்சிலால் வரைந்த தோணியொன்றின் படம், அழகாகவே இருந்தது.

“சேர், இதைக் கட்டிப் பார்க்க ஆசை. இது எத்தனை பேரைத் தாங்கும்?”

விடை சொல்ல இயலாது விழித்தோம். இருபது ஆண்டுகளாகச் சமன்பாட்டை எழுதிய கை, ஒரு தோணியின் அகலத்தை அளந்து பார்த்ததில்லை. “முதலிற் பரீட்சை முடிவு வரட்டும், தம்பி” என்று கூறி அவனை அனுப்பிவிட்டோம். விடை தெரியாதபோது ஆசிரியர்கள் ஒளிந்துகொள்ளும் இடம் அது.

அவன் சென்ற பின்னர் எமக்கு மன அமைதி இல்லை. 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாளை இப்பகுதி மக்கள் மறக்கமாட்டார்கள். காரைதீவுக்கு அண்மையில் மாவடிப்பள்ளி வீதியை வெள்ளம் மூடிப் பாய்ந்தபோது, மத்ரசா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் பலர் உயிரிழந்தனர். ஒரு தோணி இருந்திருப்பின் அவர்கள் பிழைத்திருப்பர் என்று நாம் கூறவில்லை. பாய்ந்தோடும் வெள்ளத்திலே சிறு தோணியும் ஆபத்தானதே. ஆயினும் ஒரு கேள்வி எம்மை விட்டு அகலவில்லை. மாரி தோறும் நீர் சூழும் நாடு இது. குளமும் களப்பும் கடலும் நம்மைச் சுற்றிக் கிடக்கின்றன. நீரின்மேற் செல்லும் ஒன்றைக் கட்டவும், கட்டியதைச் சோதிக்கவும், பழுதுபட்டதைத் திருத்தவும் அறிந்தவர் ஊருக்கு எத்தனை பேர் இருக்கின்றனர்?

மூன்று நாள் கழிந்த பின் நாமே அம்மாணவன் வீட்டுக்குச் சென்றோம். வாசலிலே வலை பொத்திக்கொண்டிருந்த அவனுடைய வாப்பா எழுந்து வரவேற்றார். வந்த காரணத்தைக் கூறினோம். அவர் சிரித்தார்.

“சேர், தோணி கட்டப் படிக்கணுமென்டா, முதல்ல ஒழுகுற தோணியில ஒரு நாள் போய்த் தண்ணி இறைச்சுப் பாக்கணும். அதுக்குப் பிறகு மற்றதெல்லாம் தானா விளங்கும்.”

தோணி கட்டும் கலையைப் பற்றி நாம் கேட்ட முதற்பாடம் இதுவே. எந்த நூலிலும் இதனைவிடச் சிறந்த முகவுரையை நாம் பின்னர் காணவில்லை.

பழைய பள்ளிக்கூடம்

முற்காலத்திலே தோணி கட்டுவதற்குப் பாடநூலும் இல்லை, வரைபடமும் இல்லை. பெருமரமொன்றைத் தெரிந்து வெட்டி, உள்ளே குடைந்து, நெருப்பும் வாய்ச்சியும் கொண்டு வடிவமைத்தனர். பெருங்கலங்களுக்கு முதலில் ஏராவைக் கிடத்தி, விலா எலும்பு போன்ற வங்குகளை நிறுத்தி, அவற்றின்மேற் பலகை அறைந்தனர். பலகைகளின் இடைவெளியிலே பஞ்சும் கயிற்றுநாரும் செருகிக் குங்கிலியம் பூசிக் கலப்பற்றுச் செய்தனர். மேத்திரியாருடைய கண்ணே அளவுகோல். அவருடைய நினைவே வரைபடம். மகனோ மருமகனோ ஆணி எடுத்துக் கொடுக்கும் சிறுவனாகச் சேர்ந்து, பத்தாண்டுகளுக்குப் பின் உளி பிடிக்கும் உரிமை பெறுவான்.

அப்பள்ளிக்கூடத்தை எளிதாக எண்ணிவிடலாகாது. வடக்கே வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் 89 அடி நீளமான பாய்க்கப்பலை, உலகைச் சுற்றி வந்த மாலுமியாகிய வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் செலுத்திச் சென்றனர். சுயஸ் கால்வாய் கடந்து, அத்திலாந்திக் சமுத்திரத்தையும் தாண்டி, 1938 ஆகஸ்ட் 1ஆம் நாள் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அக்கப்பல் அடைந்தது. கைக்கணக்கிற் கட்டிய கலம் பெருங்கடலைக் கடந்தது.

ஆனால், அப்பள்ளிக்கூடத்தின் கதவு இன்று பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. குடைவதற்கேற்ற பெருமரம் அரிதாகிவிட்டது. இருப்பதை வெட்டுதலும் தகாது. மாணவனுடைய மூத்தப்பா ஒரே மரத்திற் குடைந்த தோணியிலே குளத்துக்குப் போனவர். வாப்பா செலுத்துவதோ விலைக்கு வாங்கிய கண்ணாடியிழைத் தோணி. அது பழுதுபட்டால் திருத்துபவரைத் தேடி வெளியூர் செல்லவேண்டும். ஒரு தலைமுறைக்குள், தோணியைக் கட்டுபவர் என்ற நிலையினின்று தோணியை வாங்குபவர் என்ற நிலைக்கு இறங்கிவிட்டோம்.

தைத்துக் கட்டும் முறை

புதிதாகத் தொடங்குபவனுக்கு வேறு வழி உண்டா? உண்டு. அதற்குச் சான்றுகளும் உள.

1963ஆம் ஆண்டு இங்கிலாந்திலே ‘டெயிலி மிரர்’ என்னும் நாளிதழ் தன் வாசகர்களுக்காக ஒரு சிறு பாய்ப்படகை அறிமுகம் செய்தது. ஜக் ஹோல்ட், பரி பக்னெல் என்னும் இருவர் அதனை வகுத்தனர். நீளம் 11 அடிக்குச் சற்றுக் குறைவு. மெல்லிய ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செப்புக் கம்பியினாலே தைத்து, தையலின்மேற் கண்ணாடியிழை நாடாவையும் பிசினையும் இட்டு ஒட்டினால் படகு உருவாகிவிடும். தச்சுத் தொழில் அறியாதவர்களும் வீட்டுக் கொட்டிலில் அதனைக் கட்டினர். உலகெங்கும் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட ‘மிரர்’ படகுகள் உருவாயின. ஞாயிறு தோறும் பத்திரிகை படிப்போர் இதைக் கேட்டுச் சற்றே நிமிர்ந்து உட்காரலாம்.

அவ்வழி நமக்குத் தூரத்ததும் அன்று. கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் என்னும் கடற்கரையூரிலே, 1980ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில், பியர் கில்லே என்னும் ஐரோப்பியப் பொறியியலாளர் உள்ளூரவர்களுடன் சேர்ந்து ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கினார். கட்டுமரத்துக்கும் குடைவள்ளத்துக்கும் ஏற்ற மரம் அங்கும் அருகி வந்தது. தொடக்கத்திலே நேர்ந்த தவறுகளையும் தடைகளையும் அவர் 1985இல் ஒரு நூலாக எழுதினார். ‘சிறியது கடினமானது’ என்பது அந்நூற்பெயரின் பொருள். பின்னர் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அவ்வகைப் படகுகளைப் பெருந்தொகையாகக் கட்டிக் கொடுத்தது.

உண்மையில் தைத்துக் கட்டுதல் நம்மவர்க்குப் புதியதா? சோழமண்டலக் கரையிலே அலையிற் கரையேறும் மசூலாப் படகுகள் ஆணியின்றித் தென்னங்கயிற்றினால் தைக்கப்பட்டவையே. கயிற்றுக்குப் பதில் செப்புக் கம்பி; குங்கிலியத்துக்குப் பதில் பிசின். மிகப் பழைய நம் முறை, புதிய சட்டை அணிந்து திரும்பி வந்திருக்கிறது என்றே கொள்ளலாம்.

கணக்கும் காகிதத் தோணியும்

இனி, கட்டும் வகையைக் கூறுவோம். மாணவன் வரைந்த தோணி பதினான்கு அடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்டது. பார்வைக்கு அம்பு போன்றது. ஏறினால் அம்பு போலவே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். தொடங்குபவன் செய்யும் முதற்பிழை அழகுக்காக ஒடுக்குதல். இரண்டாம் பிழை பெருமைக்காக நீட்டுதல். நாம் 3 மீற்றர் நீளமும் 1 மீற்றர் அகலமும் உள்ள தட்டையடித் தோணி ஒன்றைத் தெரிந்தோம்.

அது எவ்வளவு தாங்கும்? 3 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலமுள்ள பெட்டியொன்று நீரில் 10 சென்ரிமீற்றர் ஆழ்ந்தால், 300 லீற்றர் நீரை இடம்பெயர்க்கும். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம் ஆதலின், அதன் தாங்குதிறன் 300 கிலோகிராம். ஆனால், தோணி பெட்டியன்று. இரு முனையிலும் ஒடுங்குவது. ஐந்தில் மூன்று பங்கு என்று கொண்டால் 180 கிலோகிராம் ஆகின்றது. தோணியின் நிறை 50 எனவும், இருவர் நிறை 120 எனவும் கொண்டால், கணக்குச் சரியாகின்றது. மூன்றாமவர் ஏறினால் தோணி இன்னும் ஆழும். விளிம்புக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே எஞ்சும் உயரமே உயிர் காக்கும் உயரம். அதனைத் தின்றுவிடலாகாது.

சாய்வைப் பற்றியும் ஒன்று அறிதல் வேண்டும். தோணி முதற் சாய்வை எதிர்க்கும் வலு அகலத்தோடு நேராக வளர்வதன்று. அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு வளர்வது. 90 சென்ரிமீற்றர் அகலத்தை 100 ஆக்கினால், அவ்வலு மூன்றிலொரு பங்குக்கு மேற் கூடிவிடும். ஒரு சாண் அகலத்தைக் கஞ்சத்தனத்தாற் குறைப்பவன் எதை இழக்கின்றான் என்பது இதனால் விளங்கும்.

பலகையைத் தொடுமுன் கடதாசி மட்டையிலே பத்திலொரு அளவில் மாதிரி செய்து பார்த்தல் வேண்டும். 30 சென்ரிமீற்றர் நீளமுள்ள அச்சிறு தோணிக்கு மெழுகுதிரியை உருக்கிப் பூசி, ஒரு பேசினில் மிதக்கவிட்டோம். அளவு பத்திலொன்று ஆகும்போது நிறை ஆயிரத்திலொன்று ஆகும். ஆகவே 180 கிலோகிராமுக்கு இங்கே 180 கிராம். மாதிரியின் நிறையைக் கழித்து மிகுதிக்கு மணலை நிறுத்து இட்டபோது, நாம் முன்னரே கீறிய கோட்டில் நீர் வந்து நின்றது. மாணவனுடைய தங்கை கை தட்டினாள். இருபதாண்டு கற்பித்த தத்துவத்தை அன்றுதான் நாம் கண்ணாற் கண்டோம்.

வேலைத்தலம்

வேண்டிய கருவிகள் சில. கைவாள், சீவுளி, துளைக்கருவி, மூலைமட்டம், அளவுநாடா, நீண்ட நூல், மெல்லிய நீளச் சலாகை ஒன்று. வளைகோட்டைக் கீற, ஆணிகளுக்கிடையே அச்சலாகையை வளைத்துப் பிடித்தால் போதும். பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கவ்விகள் விலை மிகுந்தவை. ஆனால் பழைய பீ.வீ.சீ. குழாயைச் சிறு வளையங்களாக அறுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு வைத்தால் மலிவான கவ்விகள் ஆயின. செப்புக் கம்பியைப் பழைய மின்கம்பியினின்று உரித்தெடுத்தோம்.

பலகையிற் சிக்கனம் ஆகாது. தளபாடத்துக்குரிய சாதாரண ஒட்டுப்பலகை நீரில் ஊறினால் ஏடு ஏடாகப் பிரியும். கடற்படகுக்கென்று நீர்தாங்கும் பசை கொண்டு செய்த பலகையே வேண்டும். வாங்குமுன் ஒரு துண்டைப் பெற்றுச் சில மணி நேரம் கொதிநீரில் இட்டு, பின் உலர்த்திப் பாருங்கள். ஏடு பிரிந்தால் அதனைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள். 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள எட்டடிப் பலகை மூன்று எமக்குத் தேவைப்பட்டன. எட்டடிப் பலகையிற் பத்தடித் தோணி செய்ய, இரு துண்டுகளின் முனையைப் பொருத்திப் பின்புறம் பட்டம் வைத்து ஒட்டினோம்.

அடித்தட்டு ஒன்று, பக்கங்கள் இரண்டு, அணியத்துக்கும் பின்புறத்துக்கும் இரு துண்டுகள்: தோணி இவ்வளவே. பக்கங்கள் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒருங்கே சீவினோம். அப்போதுதான் இரண்டும் ஒத்திருக்கும். விளிம்பிலே சிறு துளையிட்டு, ஒரு சாணுக்கு ஒன்றாகச் செப்புக் கம்பியைக் கோத்து முறுக்கினோம். தட்டையாய்க் கிடந்த பலகைகள் ஒரு மணி நேரத்திலே தோணியாக எழுந்தன. மாணவனுக்கு நிலத்திற் கால் பாவவில்லை. அப்போதே பிசின் பூசிவிடலாம் என்றான்.

வாப்பா நூலை எடுத்தார். அணியத்தின் நடுவிலிருந்து பின்புறத்து இரு மூலைகளுக்கும் அளந்தார். ஒரு பக்கம் இரண்டு சென்ரிமீற்றர் கூடுதல்.

“கோணல், மகன்.”

“இரண்டு சென்ரிமீற்றர்தானே, வாப்பா?”

“நீ சவள் போடும்போது அது ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கம் இழுக்கும். ஆயுசுக்கும் இழுக்கும்.”

அரைவாசிக் கம்பிகளை அவிழ்த்துத் திருப்பித் தைத்தோம். அன்றைய மாலை அதிலே கழிந்தது. ஒட்டுமுன் இருக்கும் பிழை ஒரு மாலைப்பொழுதைக் கேட்கும். ஒட்டிய பின் இருக்கும் பிழை தோணியையே கேட்கும். எனவே கம்பி முறுக்கிய நிலையில் நின்று, நூல் பிடித்து, நாற்புறமும் பார்த்து, ஓர் இரவு தூங்கி எழுந்து மறுபடியும் பார்த்த பின்னரே பிசின் டப்பாவைத் திறக்கவேண்டும்.

பிசின் என்னும் அவசரக்காரன்

அடுத்த பிழை எமது பிழை. கச்சான் காற்று வீசும் காலம். பகல் வெயில் தகித்தது. இபொக்சிப் பிசினையும் வன்மையாக்கியையும் பலமுறை கலப்பதற்குச் சோம்பி, ஒரே டப்பாவில் நிரம்பக் கலந்தோம். சில நிமிடங்களில் டப்பா கையைச் சுட்டது, புகைந்தது, கல்லாய் இறுகிற்று. பிசின் இறுகும்போது தானே வெப்பத்தை வெளிவிடும்; பெருந்தொகையாக ஒரு பாத்திரத்தில் இருந்தால் அவ்வெப்பம் வெளியேற இடமின்றி இறுகுதலை மேலும் விரைவுபடுத்தும். இதனையும் நாம் வகுப்பறையிற் கற்பித்திருக்கிறோம்! அன்று தொட்டுச் சிறுகச் சிறுகக் கலந்து, அகன்ற தட்டிலே பரப்பி, காலை வேளையில் மட்டும் வேலை செய்தோம். மரம் அரியும் ஆலையிற் பெற்ற நுண்ணிய மரத்தூளைப் பிசினுடன் களிபோலக் குழைத்து, தையலின் உட்புறத்தை வளைவாக நிரப்பி, அதன்மேற் கண்ணாடியிழை நாடாவை ஒட்டினோம்.

முழுவதும் கண்ணாடியிழையாலாகிய படகைத் தொடங்குபவன் தனியே முயலுதல் நன்றன்று. வேலைத்தலம் ஒன்றிற் பயில வேண்டிய தொழில் அது. அங்கே பயன்படும் பொலியெஸ்டர் பிசினுக்கு இரு துணைப் பொருள்கள் உள. ஒன்று வேகமூட்டி, மற்றது ஊக்கி. அவை இரண்டையும் பிசினின்றி நேரே ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். தீயணுகக் கூடாது, காற்றோட்டம் வேண்டும், அரத்தூளை மூச்சிலே இழுக்கக் கூடாது. இழையின் நடுவே காற்றுக் குமிழி தங்கினால் அவ்விடம் பின்னர் பிளக்கும். மேற்பூச்சின் பளபளப்பு உள்ளிருக்கும் பழுதை எளிதில் மறைத்துவிடும்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின்னர் இவ்வுண்மை பெரிய அளவில் வெளிப்பட்டது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முதலிய ஊர்கள் உயிரையும் உடைமையையும் இழந்து தவித்தன. கரையோரமெங்கும் படகுகள் நொறுங்கின. உதவி செய்ய விரும்பியோர் விரைந்து படகுகளை வழங்கினர். நாட்டின் பல இடங்களில் புதிய படகுத் தலங்கள் முளைத்தன. அவ்வாறு அவசரத்திற் கட்டப்பட்டவற்றுட் பல தரங்குறைந்தவை, கடலுக்கு ஏலாதவை என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் எச்சரித்தது. கொடுத்தவர் மனம் நல்லது. பெற்றவர் தேவையும் உண்மை. இடையிலே பொறுமை இல்லாமற் போயிற்று. கற்றுக்குட்டி கட்டினான் என்பதனால் எந்தப் படகும் கெடுவதில்லை. சோதிக்காமற் கொடுத்ததனாற் கெடுகின்றது.

முதல் ஓட்டம்

தோணி உலர்ந்து வர்ணம் பூசி முடிந்தது. நீரில் இறக்குமுன் வாப்பா செய்த சோதனை எமக்குப் புதியது. தோணியை இரு கட்டைகளின்மேல் ஏற்றி, உள்ளே நான்கு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றினார். “வெளியில இருந்து உள்ளுக்கு வாற தண்ணியைத் தேடிப் பிடிக்கேலாது. உள்ளுக்கிருந்து வெளியில போற தண்ணி தானா வழி காட்டும்” என்றார். பின்புறத்து வலமூலையிலே ஒரு துளி திரண்டு விழுந்தது. சுண்ணாம்புக் கட்டியால் அடையாளமிட்டு, உலர்த்தி, நாடாவை உரித்து மறுபடியும் ஒட்டினோம். அவ்விடம் நாம் மாலை மங்கிய பின் அவசரமாகப் பூசிய இடம் என்பதை மாணவன் தானே நினைவுகூர்ந்து சொன்னான்.

மேலும் ஒரு காப்புச் செய்தோம். தோணி நீர் நிறைந்தாலும் ஆளைத் தாங்கவேண்டும். மூடி இறுகிய வெற்றுப் பிளாஸ்ரிக் கலன்கள், 20 லீற்றர் கொள்வன ஐந்தை, இருக்கைகளின் கீழ் அசையாமற் கட்டினோம். அவை நீரில் அமிழும்போது ஏறத்தாழ 100 கிலோகிராம் அளவுக்கு மேலுதைப்புத் தரும். கண்ணாடியிழைத் தோணிக்கு இது இன்னும் இன்றியமையாதது. மரம் மிதக்கும், கண்ணாடியிழையோ நீர் நிறைந்தால் தாழும்.

இதற்கிடையிலே பரீட்சை முடிவு வந்தது. பொறியியற் பீடத்துக்கு வேண்டிய புள்ளிகள் மாணவனுக்குக் கிடைக்கவில்லை. அவனுடைய உம்மா அன்று எம்மோடு அதிகம் பேசவில்லை. தோணியினால்தான் படிப்புக் கெட்டது என்று எண்ணினாரோ என்று எமக்கு வருத்தம். பரீட்சை முடிந்த பின்னரே பலகையைத் தொட்டான் என்பதை வாப்பாவே எடுத்துச் சொல்லிச் சமாதானம் செய்தார். எமது வருத்தம் வேறு. முதல் நாள் அவன் கேட்ட கேள்வி ஒரு பொறியியலாளனுடைய கேள்வி. அதற்குப் புள்ளியிட எந்த வினாத்தாளிலும் இடமில்லை.

நீரில் இறக்கும் நாள் வந்தது. காற்றில்லாக் காலை, கரையோரம், இடுப்பளவு நீர். கிழக்கிலங்கைக் குளங்களில் முதலை உண்டு என்பதனால், இடம் அறிந்த மீனவர் இருவர் தம் தோணியிலே அருகில் நின்றனர். எல்லோரும் உயிர்காப்பு அங்கி அணிந்திருந்தோம். வாப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “கட்டினவன் முதல்ல ஏறட்டும்.” மாணவன் ஏறி நடுவில் அமர்ந்தான். பிறகு எம்மைத் திரும்பிப் பார்த்தார். “கணக்குப் போட்டவரும் ஏறத்தானே வேணும், சேர்?”

எமக்கு நீச்சல் தெரியாது. இதனை வாசகர்கள் முன் ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை; அன்று கரையில் நின்ற பிள்ளைகள் முன் ஒப்புக்கொள்ள வெட்கமாயிருந்தது. காலைத் தூக்கி வைத்தபோது, கரும்பலகையில் அடிக்கோடிட்ட அத்தனை ஆண்டுகளும் எம் முழங்காலில் நடுங்கின. அமர்ந்தோம். தோணி சற்றே அசைந்து நிலைத்தது. நீர், நாம் கீறிய கோட்டுக்கு ஒரு விரல் மேலே நின்றது. கணக்கில் எங்கே தவறு என்று ஆராய்ந்ததில், ஆசிரியருடைய நிறையை ஆசிரியரே குறைத்துக் கூறியிருந்தமை தெரியவந்தது. மாணவன் சிரித்துக்கொண்டே சவளை எடுத்தான். தோணி நேராகச் சென்றது.

பெற்றோர்க்கு ஒரு சொல்

தொடங்க விரும்பும் இளைஞர்க்கு எமது முடிபைச் சுருங்கக் கூறுவோம். முதலில் பழைய தோணிகளைக் கவிழ்த்துப் பாருங்கள். அவை எங்கே உக்குகின்றன, எங்கே ஒழுகுகின்றன என்று அறியுங்கள். முதற்படகு சிறியதாகவும் அகன்றதாகவும் அமைதியான நீருக்கு உரியதாகவும் இருக்கட்டும், கடல் காத்திருக்கும். வெள்ளம் பாய்கையில் அதனைக் கொண்டு வீரம் காட்டாதீர்கள். அறிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீன்பிடிக்குப் பயன்படுத்துவதாயின் முறைப்படி பதிவு செய்யுங்கள். தொழிலாகவே கொள்ள விரும்பினால், காரைநகரில் 1967இல் நோர்வே நாட்டினரின் துணையோடு தோன்றிய சீ-நோர் போன்ற படகுத் தலங்களிலும், தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பயிலும் வாய்ப்பை விசாரித்து, என்.வி.கியூ. எனப்படும் தேசியத் தொழிற்றகைமையைப் பெற முயலுங்கள்.

பெற்றோரே, பிள்ளை கொப்பியின் கடைசிப் பக்கத்தில் என்ன வரைகின்றான் என்று ஒருமுறை திறந்து பாருங்கள். நாம் முதல்நாள் சொன்ன விடையை நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

இப்பொழுது அம்மாணவன் படகுத் தலமொன்றிற் பயிலுநனாகச் சேர்ந்துள்ளான். விடுமுறையில் வந்தால் குளக்கட்டுக்குச் சென்று, கவிழ்த்து வைத்த தோணிகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நடக்கின்றான். எங்கே பழுது என்று அயலார் அவனைக் கேட்கின்றனர். நாமோ, வரும் தவணையில் ஆக்கிமிடிசின் தத்துவத்தைக் கற்பிக்கும்போது, வகுப்பைக் குளக்கரைக்கு அழைத்துச் செல்ல அனுமதி கேட்டிருக்கிறோம். அதற்குமுன் நீந்தக் கற்றுக்கொள்ளவேண்டும் என்று மாணவனுடைய வாப்பா நிபந்தனை விதித்திருக்கிறார்.